படியில் பேசக்கூடாது

பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அந்த வீட்டார் பேசமாட்டார்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு, தளத்தில் இறக்கி வைத்த பிறகுதான் தும்முவார்கள். நான் கதை கட்டவில்லை. என் பூட்டு சாவிக் கடைக்குப் பக்கத்துக் கதவுதான் அவர்கள் வீடு. குடிமாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுப்பது அவர்கள் தொழில். குடிமாறுகிற அவசரத்தில் அலமாரிச் சாவியைத் தொலைக்காதவர்கள் குறைவு என்பதால், அவர்களுக்கு வேலை வந்தால் எனக்கும் வேலை வரும். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன்.

வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு எங்கள் தெருவில் பீரோக்காரர் என்றுதான் பேர். படியேறும்போது கனம் முழுக்கக் கீழே பிடிக்கிறவர் மேல்தான் இறங்கும். அது அவருடைய இடம். மேல்முனையில் அவர் மனைவியும் மகளும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகக் காலைத் துழாவித் துழாவி ஏறுவார்கள். மனைவியின் தம்பி வண்டி ஓட்டுவார். அவரும் ஒரு காலத்தில் தூக்கினவர்தான். ஒருநாள் பாதிப்படியில் ஒரு ஜோக் சொன்னார், பீரோக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தால் மூச்சு போகும், மூச்சு போனால் பிடி போகும். அன்றைக்கு நசுங்கியது தம்பியின் வலது பாதம். அதற்குப் பிறகுதான் வீட்டில் இந்தச் சட்டம் வந்தது. படியில் கால் வைக்குமுன் மூச்சை இழுத்துக் கட்டு. தளத்தில் இறக்கியதும் விடு. நடுவில் உலகமே இடிந்தாலும் வாயைத் திறக்காதே.

அந்த ஜோக் என்ன என்று தம்பிக்காரரிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அது காலை வாங்கின ஜோக்கு சாவியக்கா, உங்களுக்கு எதுக்கு" என்று நழுவிவிடுவார். பூட்டைக் கண்டால் திறந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மனிதர்களிடமும் அதே புத்திதான், என்ன செய்ய.

மகளைச் சுண்டு என்பார்கள். ஆள் அவ்வளவுதான். பதினாறு வயதாகியும் என் தோளைத் தாண்டவில்லை. ஆனால் தோளும் தொடையும் உரம் ஏறியிருக்கும். ஒன்பது வயதில் தலையணை மூட்டையில் தொடங்கி, பன்னிரண்டில் நாற்காலி மேசைக்கு வந்து, இரண்டு வருடமாகப் பீரோ பிடிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் அவள்தான் கார்டு. எனக்கு அந்த ஆட்டமெல்லாம் தெரியாது, தம்பிக்காரர்தான் விளக்கினார்.

"நெட்டைப் பிள்ளைங்க கூடைக்குப் பக்கத்துல நின்னு பந்தை உள்ள போடும். கார்டு குட்டையா இருந்தாலும் பரவாயில்லக்கா. பந்தைத் தட்டிக்கிட்டே முன்னால கொண்டு வரணும். நீ இங்க போ, நீ அங்க நில்லுன்னு கத்தணும். நம்ம வண்டியில சாமான் ஏத்துறப்ப அத்தான் நிக்கிறார் பாருங்க, அந்த மாதிரி."

"இவ எங்க கத்துறா? இவ வாயில முத்து இல்ல இருக்கு, உதிர்ந்துடும்னு பயப்படுறா."

"அதான் சிக்கலே" என்றார் அவர்.

சிக்கல் அது மட்டுமில்லை. ஆட்டத்தில் நாலு பகுதி. மூன்று பகுதி வரை சுண்டுவைப் பிடிக்க ஆள் கிடையாது. எதிராளி வந்து இடித்தால் இடித்தவள்தான் விழுவாள். பின்னோக்கி ஓடுவதில், மற்றவர்கள் முன்னோக்கி ஓடுகிற வேகம். கடைசிப் பகுதியில் மட்டும் காற்றுப்போன டயராகிவிடுவாள். பந்து கையில் வந்தால் தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், கால் பின்னும், பந்தை யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். கூட ஆடுகிற பெண்கள் அவளுக்குச் சைலன்சர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். மழைக்காலம் முடிந்ததும் தேர்வு ஆட்டம் வைப்பதாக இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கார்டை எடுத்து விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அவள் வயதுக்கு அடுத்த வருடம் சேர்க்கமாட்டார்கள். இது போனால் போனதுதான்.

அந்த வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒரு தோல்விக்கு மறுநாள் காலையில் நான் போனபோது, அம்மாக்காரி அவித்த முட்டையை உரித்து உரித்து மகள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் போதும்மா."

"சாப்பிடுடி. உடம்புல சத்து இருந்தா ஏன் கடைசியில துவளுது? சாவியக்கா, நீங்களே சொல்லுங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நெஞ்சு, நுரையீரல் எல்லாம் குதிரைக்கு இருக்கிற மாதிரி இருக்காம். குதிரை ஏன் படுக்குதுன்னு கேட்டா அவருக்குத் தெரியல."

"ஷூ சரியில்ல" என்றார் தம்பிக்காரர்.

"கனம் பத்தல" என்றார் பீரோக்காரர். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். "நான் இவ வயசுல தனியா மாவு மூட்டை தூக்குவேன். இவளுக்கு லேசான சாமானா கொடுத்துப் பழக்கிட்டோம். இனிமே ஃப்ரிட்ஜ் பிடிக்கட்டும்."

"உனக்கு என்ன தோணுது?" என்று சுண்டுவைக் கேட்டேன்.

அவள் முட்டையை மென்றுகொண்டே தோளைக் குலுக்கினாள். "தெரியல அத்தை. பந்து இல்லாம ஓடச் சொன்னா நான்தான் முதல்ல வர்றேன். மூச்சே வாங்கறதில்ல. பந்து வந்தா என்னவோ ஆயிடுது."

இதுதான் என்னை அரித்தது. ஓடுகிறது அதே கால், அதே தூரம். ஒரு பந்து என்ன கனம் இருக்கப்போகிறது? பீரோ தூக்குகிற கைக்கு அது எலுமிச்சம்பழம்.

பயிற்சியாளரும் இதே கேள்வியில் மண்டை காய்ந்துகொண்டிருந்தாள். சின்ன வயதுப் பெண். ஒரு காலத்தில் அவளும் கார்டாக ஆடினவள். தம்பிக்காரர் அவளைக் கோச்சம்மா என்பார். அவளுடைய வைத்தியம் ஓட்டம். பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டாள். இங்கே அப்பா ஃப்ரிட்ஜைப் பிடிக்கவிட்டார். அந்தப் பெண் இரண்டு பக்கமும் வறுபட்டாள். மூன்றாம் பகுதியிலேயே கால் பின்னத் தொடங்கியது.

ஒரு நாள், லிஃப்ட் பழுதான ஒரு கட்டடத்தில் வேலை. கண்ணாடி பதித்த பழைய மரப் பீரோ. வெளியே மழைத் தூறல். அம்மாக்காரி முதல் நடையிலேயே ஒரு கண்ணாடிச் சட்டத்தில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, துணியைச் சுற்றியபடி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கருவிப்பையும் கையுமாக நின்றேன். எனக்கு இடுப்பு போய் வெகுநாள் ஆகிறது. அப்போதுதான் கோச்சம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள்.

"வீட்டுக்குப் போனேன், இங்க இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. ஒரு விஷயம் பேசணும்" என்றாள் பீரோக்காரரிடம். முகத்தைப் பார்த்தாலே நல்ல விஷயம் இல்லை என்று தெரிந்தது. பிறகு வண்டிக்கும் படிக்கும் நடுவில் நிற்கிற பீரோவைப் பார்த்தாள். "நான் ஒரு பக்கம் பிடிக்கவா?"

"வேணாம்மா, உங்களுக்கெதுக்கு."

"மழையில மரம் நனையுதேங்க. பிடிக்கிறேன்."

அவளுக்கு ஒரு மூலையைக் கொடுத்தார்கள். மூவரும் தூக்கினார்கள். இரண்டாவது படியிலேயே அவள் ஆரம்பித்தாள். "நான் எதுக்கு வந்தேன்னா..."

பீரோக்காரர் கண்ணை உருட்டினார். சுண்டு உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"இல்ல, மனசுல வெச்சுக்கறத விட சொல்லிடறதே..."

"மிஸ்!" கீழேயிருந்து தம்பிக்காரர் அலறினார். "படியில பேசக்கூடாது மிஸ்! என் பாதத்தைப் பாருங்க மிஸ்!"

அவள் திகைத்துப்போய் வாயை மூடினாள். மிச்சப் படிகள் மௌனமாகப் போயின, நானும் பின்னாலேயே ஏறினேன். தளத்தில் இறக்கியதும் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று மூச்சை விட்டார்கள். குக்கர் விசில் மாதிரி இருந்தது. எனக்குப் பழகிவிட்டது, அவளுக்கு அது புதிது. சுண்டுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாடை அப்போதுதான் தளர்ந்துகொண்டிருந்தது, கழுத்து நரம்பு அடங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன? மூச்சு விடாமயா ஏறினீங்க?"

"ஆமா. விட்டா பிடி போயிடும்" என்றார் பீரோக்காரர், இதைக்கூடத் தெரியாமல் இவள் என்ன கற்றுக்கொடுக்கிறாள் என்பதுபோல.

"இன்னொரு மாடி ஏறலாமா?"

அந்த மாடி முழுவதும் அவள் சுண்டுவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். இரண்டு தடவை கால் தடுக்கப் பார்த்தது. மேலே போனதும், வண்டியில் கிடந்த சுண்டுவின் பந்தைக் கொண்டுவரச் சொன்னாள்.

"தட்டு."

சுண்டு தட்டினாள்.

"தட்டிக்கிட்டே உன் பேரைச் சொல்லு."

பந்து தரையில் தட்டித் தட்டி எழும்பியது. சுண்டுவின் உதடு பிரியவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கண் அகலமாகிக்கொண்டே போனது. பந்தைப் பிடித்துக் கீழே வைத்தாள். உடனே புஸ்ஸென்ற காற்றோடு பேரும் வெளியே வந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு வருடமாக அந்தப் பெண் பந்தைக் கையில் வாங்கிய போதெல்லாம் படியேறிக்கொண்டிருந்திருக்கிறாள்! கையில் பொருள் வந்தால் மூச்சைக் கட்டு என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அது பந்து, இது பீரோ என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? பேசாததும் அதனால், துவள்வதும் அதனால். ஒரே சாவியில் இரண்டு பூட்டும் திறந்துகொண்டது. கண்டுபிடித்தது நானில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பீரோக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாங்கதான் பிள்ளையைக் கெடுத்துட்டோமா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. இவளை யாராலயும் நகர்த்த முடியலையே, அது நீங்க கொடுத்தது. பின்னால ஓடுற கால் நீங்க கொடுத்தது. நான் எத்தனை வருஷம் பயிற்சி கொடுத்தாலும் அது வராது. மூச்சும் அது கூடவே வந்துடுச்சு, அவ்வளவுதான்."

"நீங்க என்னவோ பேசணும்னு வந்தீங்களே?"

"இப்ப அது வேணாம்" என்றாள் கோச்சம்மா. சுண்டுவை அணியிலிருந்து நிறுத்தி வைக்கப்போவதாகச் சொல்ல வந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை, மாற்றுவது அப்படியில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுண்டு தினமும் காலையில் பந்தைத் தட்டிக்கொண்டே தெருவில் போய்வர வேண்டும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. என்ன பேசுவது என்று தெரியாமல் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவாள். "தையல் கடை... மருந்துக் கடை... இங்கு சைக்கிள் நிறுத்தாதீர்..." தையல்காரர் தலையை நீட்டி, "என்ன சாவியக்கா, பொண்ணு தேர்தலுக்கு நிக்குதா?" என்று கேட்டார். முதலில் நாலு தட்டுக்கு ஒரு வார்த்தை வந்தது. அப்புறம் இரண்டு தட்டுக்கு ஒன்று. வார்த்தை வருகிற இடத்தில் பந்து தப்பி என் கடைக்குள் உருளும். நான் எடுத்து வீசுவேன். அவள் சிரித்துக்கொண்டே, சிரிக்கும்போதும் பந்து தட்டலாம் என்று கண்டுபிடித்தாள். அதை என்னிடம் வந்து பெரிய ரகசியம்போலச் சொன்னாள்.

வீட்டுக்குள் வேறு சண்டை.

"ஆட்டம் முடியற வரைக்கும் இவ தூக்க வேணாம்" என்றாள் அம்மாக்காரி.

"மேல் மூலையை யார் பிடிப்பா?"

"ஆள் வெச்சுக்கலாம்."

"ஆள் வெச்சா ஆள் பேசுவான்."

"அப்ப இவளையே பேசிக்கிட்டுத் தூக்கவிடுங்க. பழகட்டும்."

"உன் தம்பி பாதத்தைப் பார்த்துட்டுமா பேசுற?"

தம்பிக்காரர் பாதத்தை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். இந்த வாக்குவாதம் நடந்த நேரமெல்லாம் சுண்டு சுவரில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் வாயெல்லாம் எனக்கிருந்தும் நானும் கேட்கவில்லை.

கடைசியில் பீரோக்காரர் ஒரு தீர்ப்புச் சொன்னார். "மெத்தைக்குப் பேசலாம். பீரோவுக்குக் கூடாது." மெத்தை விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து மெத்தை போகும்போது மட்டும் அந்தக் குடும்பம் பேசியது. பேசிப் பழக்கமில்லாத வீடு, என்ன பேசுவதென்று தெரியாமல், "மெத்தை மேல போகுது... மெத்தை திரும்புது..." என்று நேர்முக வர்ணனை செய்துகொண்டு ஏறினார்கள். குடிவந்த வீட்டுக்காரர்கள் பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

தேர்வு ஆட்டத்துக்கு நானும் அம்மாக்காரியும் வண்டியில் போனோம். பீரோக்காரர் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னாலேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மூன்று பகுதி வரை சுண்டு வழக்கம்போல ஆடினாள். பேச்சு நடுநடுவே வந்தது, மெத்தைப் பேச்சு. கடைசிப் பகுதி தொடங்கியதும் எதிரணிக்காரி ஒருத்தி, நல்ல உயரம், இவளை ஒட்டிக்கொண்டே நின்றாள். சுண்டுவின் தாடை இறுகியது. அம்மாக்காரி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"மூச்சைக் கட்டிட்டாக்கா. பாருங்க, கட்டிட்டா."

சொல்லிவிட்டு அவளும் மூச்சைக் கட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன், கடைசி வரிசையில் அப்பாக்காரரின் கழுத்தும் புடைத்திருந்தது. பந்து பறிபோனது. மறுபடி சுண்டுவிடம் வந்தது. அவள் அரைக்கோட்டருகே ஒரு கணம் நின்றாள். பிறகு அவள் வாயிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. "வலப்பக்கம்! வலப்பக்கம் போடி! நீ உள்ள வா! நிக்காத, வா!" அது யார் குரல் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை, அப்படிப்பட்ட குரல் அந்தப் பெண்ணிடம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட ஆடுகிறவர்களே ஒரு நொடி விழித்தார்கள். அப்புறம் ஓடினார்கள். முடிகிற வரை அவள் வாய் மூடவில்லை, கால் பின்னவில்லை. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் மணி அடித்தபோது மற்ற ஒன்பது பேரும் முழங்காலில் கையை ஊன்றி நின்றார்கள், சுண்டு மட்டும் இன்னும் யாரையோ எங்கேயோ போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளைத்தான் எடுத்தார்கள்.

பீரோக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசினார். "விடுதிக்குப் போறா. லீவு விட்டா வந்துடுவா. மேல் மூலை அவளோடதுதான், வேற ஆள் வெக்கமாட்டேன். படிப்பு முடிஞ்சதும் வந்து தொழிலைப் பார்த்துக்குவா. விளையாட்டுக்காரி நடத்துற கம்பெனின்னா நாலு பேர் கூப்பிடுவாங்க இல்ல?" பீரோ தூக்கும்போது தோளில் போடுகிற புதுப்பட்டை ஒன்றும் அவளுக்கென்று வாங்கி வந்தார். சுண்டு அதை வாங்கிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், ஆணியில் மாட்டினாள்.

அவள் விடுதிக்குக் கிளம்புகிற வாரம் ஒரு வேலை வந்தது. மூன்று மாடி. இரும்புப் பீரோ, பூட்டியபடி, சாவி இல்லை. உள்ளே பாத்திரமோ என்னவோ கடகடத்தது. மேலே வைத்த பிறகு நான் திறந்து கொடுக்க வேண்டும். கீழே பீரோக்காரர், மேலே அம்மாவும் மகளும், அவருக்கு நாலு படி பின்னால் நான். மூச்சை இழுத்தார்கள், தூக்கினார்கள்.

மூன்றாவது படியிலோ நான்காவது படியிலோ சுண்டு பேசினாள்.

"அப்பா."

பீரோக்காரர் நிமிர்ந்து முறைத்தார். வாயைத் திறக்க முடியாது. கனம் முழுவதும் அவர் மேல். அம்மாக்காரியின் கண்கள் பிதுங்கின.

"லீவுக்கு வருவேன்ப்பா. ஆனா தூக்க மாட்டேன்."

கால்கள் நிற்கவில்லை. அவள் பின்பக்கமாகப் படியைத் துழாவி ஏறிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை.

"படிப்பு முடிஞ்சும் இந்த வேலைக்கு வரமாட்டேன். எனக்கு இது பிடிக்கலப்பா. தலையணை மூட்டை தூக்கின நாள்லேருந்தே பிடிக்கல. உங்களைப் பிடிக்கும். அம்மாவைப் பிடிக்கும். இதைப் பிடிக்கல. மூலைக்கு ஆள் வெச்சுக்கோங்க. என் இடம்னு வெச்சிருக்காதீங்க."

நான் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன். விழுந்தால் முதலில் அவர், அடுத்தது நான். ஆனால் பீரோ ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை. அவள் பிடித்திருந்த மூலை, பேசாத அம்மாவின் மூலையைவிட நேராக இருந்தது.

தளத்தில் இறக்கினார்கள். யாரும் புஸ்ஸென்று மூச்சு விடவில்லை. சுண்டுவுக்கு விட வேண்டிய மூச்சு இல்லை, மற்ற இருவருக்கும் அது மறந்துபோயிருந்தது.

"ஏண்டி, இதைச் சொல்ல உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றாள் அம்மாக்காரி. அழுகிறாளா திட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேற எங்க சொன்னாலும் முடிக்க விடமாட்டீங்களேம்மா."

பீரோக்காரர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். மறுபடி முகத்தைத் துடைத்தார். கண் ஓரம் ஈரம் இருந்தது. வியர்வை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். பீரோவின் மேல் கையை வைத்துக்கொண்டு, படிக்கட்டு வளைந்து போகிற திசையை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மாடி இருக்கு" என்றார். "மிச்சம் ஏதாவது இருந்தா அதுக்குள்ள சொல்லிடு. ம், தூக்கு."

சுண்டு மூலையைப் பிடித்தாள். முதல் படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.